விசாரிக்காமலே வரி போட முடியுமா?

பினாங்கு லெபோ பசாரில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக் கடை நடத்தும் குடும்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விஷயம் இதுதான். ஆடிட் என்று வந்து கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கடிதம் வந்தது. மலாயில் இருந்ததால் அப்பா மேசை டிராயரில் வைத்துவிட்டார். பல மாதம் சத்தமே இல்லை. பிறகு மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கூடுதல் வரி நோட்டிஸ், பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கிறது. அங்கே இப்போது குடியிருப்பவர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் நோட்டிஸ் தேதியிலிருந்து ஏழு வாரம் ஓடிவிட்டது. "எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் வரி போட முடியுமா? அப்பீல் முடியும்வரை கட்டாமல் இருக்கலாமா? அப்பா பேரைக் குடிநுழைவில் போட்டு நிறுத்திவிடுவார்களா?" என்பது அவருடைய கேள்வி. போகிற போக்கில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: கடைவீட்டுக்குச் சுக்காய் பிந்து, அதாவது ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் கட்டட வரி, அதன் மதிப்பை உயர்த்தியும் ஒரு கடிதம் வந்திருக்கிறதாம்.

முதல் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாத பதில்: போட முடியும். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், வரியை நிர்ணயிப்பதற்கு முன்னால் உங்களை அழைத்து விசாரித்தே ஆக வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 90, 91 ஆகிய பிரிவுகளின் கீழ், காட்டிய வருமானம் போதாது என்று வருமான வரி வாரியத்தின் தலைமை இயக்குநருக்குத் தோன்றினால் தன் மதிப்பீட்டின்படி கணக்குப் போட்டு நோட்டிஸ் அனுப்பலாம். அதனால் உங்கள் தரப்பைச் சொல்ல வழியே இல்லை என்று ஆகிவிடாது. வழி இருக்கிறது. ஆனால் பில் கைக்கு வந்த பிறகுதான் அது திறக்கிறது. நீங்கள் எழுத்தில் கேட்டால்தான் திறக்கிறது. கெடுவுக்குள் கேட்டால்தான் திறக்கிறது. வரித் தகராறில் தோற்றவர்கள் என்று நான் பார்த்தவர்களில் பலர் கணக்கு சரியில்லாமல் தோற்றவர்கள் இல்லை, நாள் தவறித் தோற்றவர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் இந்தியச் சட்டம். பழைய ஆண்டுக் கணக்கைத் திறப்பதற்கு முன்னால் காரணம் கேட்டு நோட்டிஸ் கொடுக்க வேண்டும், பதிலுக்கு நாள் தர வேண்டும் என்று அங்கே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2021இல் 148ஏ பிரிவைச் சேர்த்தார்கள். கேட்ட தொகையில் 20 விழுக்காட்டைக் கட்டினால் மேல்முறையீடு முடியும்வரை மீதியை நிறுத்திவைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. சென்னை மச்சான் போனில் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அதை நம்பி இங்கே ஹாசிலில், அதாவது வருமான வரி வாரியத்தில், போய் நின்றால், "எந்தப் பிரிவு?" என்று கேட்பார்கள்.

இனி நோட்டிஸ் விவகாரம். உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கூடுதல் வரிக்கு வருவது போராங் ஜேஏ (போராங் என்றால் பாரம்). முதல் முறை நிர்ணயத்துக்கு வருவது போராங் ஜே. 96ஆம் பிரிவின்படி அதில் தொகையோடு, எங்கே கட்டுவது, தாமதித்தால் எவ்வளவு ஏறும், மேல்முறையீட்டு உரிமை என்ன என்பதும் இருக்க வேண்டும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை. 30 நாள் கெடு அங்கேதான் அச்சாகியிருக்கும். அந்த 30 நாள், நோட்டிஸ் உங்களுக்குச் 'சேர்ப்பிக்கப்பட்ட' நாளிலிருந்து ஓடுகிறது. எப்போது சேர்ந்ததாகக் கொள்வது என்பதை 145ஆம் பிரிவு சொல்கிறது. நேரில் கொடுக்கலாம், சாதாரணத் தபாலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பலாம். தபாலில் அனுப்பினால், வழக்கமாக அது வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தனிநபராக இருந்தால், ஹாசிலுக்குக் கடைசியாகத் தெரிந்த உங்கள் விலாசத்துக்கு அனுப்பினால் போதும். நீங்கள் இன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அவர்களுடையது இல்லை. பதிவுத் தபால் அஞ்சலகத்தில் காத்திருக்கிறது என்ற சீட்டு வந்தும் போய் வாங்காமல் இருந்தால் இன்னும் மோசம். அந்தத் தகவல் கிடைத்த நாளிலேயே நோட்டிஸ் சேர்ந்ததாகிவிடும். "ஹாசில் கடிதம் என்றால் வாங்காதே" என்று கடையில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிவைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். தங்கள் காலில் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள்.

விலாசம் மாறினால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 89ஆம் பிரிவு. அதற்கு சிபி600பி என்ற பாரம் இருக்கிறது. ஹாசிலின் மைடேக்ஸ் இணையத் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் நீங்களே மாற்றவும் செய்யலாம். ஆகவே தம்பி, உங்கள் அப்பா வீடு மாறியபோது இதைச் செய்தாரா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. செய்திருந்து, ஹாசில் பழைய விலாசத்துக்கே அனுப்பியிருந்தால் உங்கள் கை வலுவானது. மாற்றத்தைத் தெரிவித்த நாளுக்கான பதிவைத் தேடி எடுங்கள். செய்யவில்லை என்றால் நோட்டிஸ் சட்டப்படி சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு அடுத்த வழிக்குப் போக வேண்டும். நோட்டிஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதிக்கு அதற்குள் இருக்கும் காகிதத்தின் மதிப்பு உண்டு.

நோட்டிஸில் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அதனால் செல்லாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சட்டத்தின் சாரத்துக்கு இணங்க இருந்தால் போதும், வடிவக் குறையும் பெயர்ப் பிழையும் நிர்ணயத்தைக் கெடுக்காது என்று 143ஆம் பிரிவு முன்கூட்டியே அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறது.

நாள் தாண்டியவர்களுக்கு இருக்கும் வழி போராங் 'என்' (N). 100ஆம் பிரிவின் கீழ், ஏன் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடியவில்லை என்ற காரணத்தை எழுதி, காலநீட்டிப்பு கேட்கலாம். நியாயமான காரணம் என்று தலைமை இயக்குநர் ஏற்றால் சரி. ஏற்கவில்லை என்றால் அவர் அதைக் குப்பையில் போட முடியாது. வருமான வரிச் சிறப்பு ஆணையர்களுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் விளக்கத்தையும் அவர்கள் முன் எழுத்தில் வைக்கலாம். அவர்கள் சொல்வதே முடிவு. இங்கே எழுதும் விதம் முக்கியம். "நோட்டிஸ் கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரி பெரும்பாலும் எடுபடாது. எந்தத் தேதியில் வீடு மாறினீர்கள், புதிய வீட்டின் தெனாகா மின்சார பில் எப்போதிலிருந்து உங்கள் பெயரில் வருகிறது, பழைய வீட்டில் இருப்பவர் கடிதத்தை எந்த நாளில் கொடுத்தார், அவர் கையெழுத்திட்டுச் சொல்லத் தயாரா, கிடைத்த மறுநாளே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தேதி தேதியாக வைக்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். ஏழு வாரம் தெரியாமல் போனது மன்னிக்கத் தக்கது. தெரிந்த பிறகு இன்னும் மூன்று வாரம் தூங்கியிருந்தால் அதற்கு விளக்கம் சொல்வது கஷ்டம். ஆகவே இதைப் படித்து முடித்ததும் போராங் 'என்' பாரத்தைத் தயார் செய்யுங்கள். அதோடு போராங் கியூவையும் நிரப்பிவையுங்கள். மேல்முறையீடே செய்யாமல் விட்டால் 97ஆம் பிரிவின்படி அந்த நிர்ணயம் இறுதியானது. அதன் பிறகு கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் காட்டுவதற்கு இடம் தேடித்தான் அலைய வேண்டும்.

போராங் கியூதான் மேல்முறையீட்டு மனு. 99ஆம் பிரிவு. இதைச் சிறப்பு ஆணையர்களுக்கு என்று எழுதினாலும் கொடுப்பது ஹாசிலில்தான், தலைமை இயக்குநரிடம். அவர் முதலில் தன் நிர்ணயத்தைத் தானே மறுபரிசீலனை செய்வார். 101ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கூடுதல் விவரம் கேட்கலாம், உங்களை அழைத்துப் பேசலாம், ஓர் உடன்பாட்டுக்கும் வரலாம். நிறையப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடுகிறது, அது நல்லதும்கூட. முடியாவிட்டால் 12 மாதத்துக்குள் கோப்பைச் சிறப்பு ஆணையர்களுக்கு அனுப்ப வேண்டும். அமைச்சர் ஒப்புக்கொண்டால் இன்னும் ஆறு மாதம் தள்ளலாம்.

சிறப்பு ஆணையர்கள் என்பவர்கள் ஹாசில் அதிகாரிகள் இல்லை. மாமன்னரால் நியமிக்கப்படும் தனிக் குழு. சாதாரணமாக மூவர் உட்கார்ந்து கேட்பார்கள், அவர்களில் ஒருவராவது சட்ட அனுபவம் உள்ளவராக இருப்பார். சாட்சி, குறுக்கு விசாரணை, ஆவணம் எல்லாம் உண்டு. நீங்கள் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், அங்கீகாரம் பெற்ற வரி முகவரையும் வைத்துக்கொள்ளலாம். 'என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லையே' என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்த விசாரணை இதுதான். ஒன்றை மறந்துவிடக் கூடாது. சட்டத்தின் 5ஆவது அட்டவணை, 13ஆவது பத்தி: நிர்ணயம் அதிகம் அல்லது தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு மேல்முறையீடு செய்தவருடையது. அவர்கள் தங்கள் கணக்கு சரி என்று காட்ட வேண்டியதில்லை, அது தவறு என்று நீங்கள் காட்ட வேண்டும். ஏழு ஆண்டுக்கு ரசீதுகளை வைத்திருக்க வேண்டும் என்ற 82ஆம் பிரிவை இந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதன் அவசியம் புரியும். சிறப்பு ஆணையர்கள் சொன்னதில் சட்டப் பிழை இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வெறும் கணக்குத் தகராறு அங்கே போவதில்லை.

நியாயமான விசாரணை என்று சட்டப்புத்தகத்தில் தேடினால் இந்தப் பின்கட்டம்தான் கிடைக்கும். உண்மையில் எல்லாம் தீர்மானமாவது இதற்கு முன்னால், அப்பா டிராயரில் வைத்த அந்தக் கடிதத்தில்.

ஆடிட் முடிந்ததும் ஹாசில் தன் கண்டுபிடிப்புகளைக் கடிதமாக அனுப்பும். எந்த ஆண்டு, எந்தச் செலவை ஒதுக்கினார்கள், எந்த வங்கி வரவை விற்பனையாக எடுத்துக்கொண்டார்கள், எவ்வளவு கூடுதல் வரி, எவ்வளவு அபராதம் என்று அதில் இருக்கும். ஆட்சேபம் இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருப்பார்கள். இது சட்டப் பிரிவிலிருந்து வருவதில்லை. ஹாசில் தானே வெளியிட்டிருக்கும் ஆடிட் நடைமுறை வழிகாட்டியிலிருந்து வருகிறது. வழிகாட்டிதானே, சட்டம் இல்லையே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். நிர்ணயத்துக்கு முன்னால் உங்கள் குரல் கோப்பில் ஏறுவதற்கு இருக்கும் ஒரே இடம் அது. கெடு முடிந்து பதில் வராவிட்டால், ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு போராங் ஜேஏ அடித்துவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே "ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று மேல்முறையீட்டில் எழுதுவதற்கு முன்னால் டிராயரைத் திறந்து பாருங்கள். அவர்கள் கேட்டதற்கான காகிதம் அங்கே இருந்தால், அந்த வாதம் உங்களுக்கே பாதகமாகத் திரும்பும்.

கடிதம் வந்தும் அதில் கணக்கு விவரம் இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் நிலைமை வேறு. அப்போது எழுத்தில் விவரம் கேளுங்கள். இந்த நாட்டில் இதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. மலாயாக் காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்த சுரிந்தர் சிங் காண்டாவைப் பதவிநீக்கம் செய்தார்கள். அவர்மீது கடுமையான குற்றச்சாட்டுகள் நிறைந்த ஒரு விசாரணை அறிக்கை, தீர்ப்பு சொல்ல வேண்டிய அதிகாரியின் கையில் இருந்தது. காண்டாவுக்கு அதைக் காட்டவில்லை. வழக்கு, அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1962இல் அவர் பக்கம் தீர்ப்பானது. தன் தரப்பைச் சொல்லும் உரிமைக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால், தன்மீது என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அதோடு சேர்ந்தே வர வேண்டும் என்று டென்னிங் பிரபு எழுதினார். இன்றைக்கும் நம் நீதிமன்றங்களில் இயற்கை நீதி பற்றிப் பேச்செடுத்தால் காண்டா பெயர் வராமல் இருக்காது. 1996இல், தான் தெக் செங் என்பவரின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு படி ஏறி, நியாயமான நடைமுறை என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5, 8ஆவது விதிகளிலேயே அடங்கியிருக்கிறது என்றது. கோலாலம்பூர் நில வழக்கு ஒன்றில், 1979இல், ராஜா அஸ்லான் ஷா சொன்னதும் இதோடு சேரும்: எல்லையில்லாத விருப்ப அதிகாரம் என்று ஒன்று கிடையாது.

இவை எதுவும் வரி வழக்குகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் "எந்த வங்கி வரவுகளைச் சேர்த்தீர்கள், எந்தத் தேதி, எந்தக் கணக்கு, என்ன காரணம்?" என்று நீங்கள் கேட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பின்னால் நிற்கும் நியாயம் இதுதான். கடிதத்தில் காண்டாவின் பெயரை இழுக்க வேண்டாம். அதிகாரிக்கு எரிச்சல்தான் வரும். கேள்விகளை மட்டும் எண் போட்டு எழுதுங்கள். கவுண்டரில் கொடுத்தால் நகலில் சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள். நேரில் பேசிவிட்டு வந்தால் அன்று சாயந்திரமே, என்ன பேசினோம் என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பேச்சு காற்றில் போய்விடும், இரண்டு ஆண்டு கழித்துச் சிறப்பு ஆணையர்கள் முன்னால் நிற்கும்போது காகிதம்தான் கூட வரும். மலாய் சரளமாக வராத பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். 153ஆம் பிரிவின் கீழ் உரிமம் பெற்ற வரி முகவர் கூடப் போகட்டும். கணக்கு எழுதும் பையனும் வரி முகவரும் ஒன்றில்லை.

கையெழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கெடுபிடியான ஆள். பேச்சுவார்த்தையில் அதிகாரி ஒரு தொகைக்கு இறங்கிவந்து, ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்பார். அது பல சமயம் நல்ல முடிவாகவே இருக்கும். ஆனால் 96ஏ பிரிவின் கீழ் உடன்படிக்கை செய்துகொண்டு ஒருங்கிணைந்த நிர்ணயம் வாங்கினால் அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அதாவது விசாரணை உரிமையை விற்றுத் தள்ளுபடி வாங்குகிறீர்கள். விலை கட்டுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'இப்போது போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது அங்கே நடக்காது.

பழைய ஆண்டுகளுக்கு வரி போட்டிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள்தான் சாதாரணமாகக் கூடுதல் நிர்ணயம் செய்யலாம். அதைத் தாண்டினால் மோசடி, வேண்டுமென்றே செய்த தவறு, அலட்சியம் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். 'அலட்சியம்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், என்ன அலட்சியம், எந்தப் பதிவில் என்று கேளுங்கள். அபராதமும் அப்படியே. தவறான விவரம் காட்டியதற்கு 113ஆம் பிரிவு, விட்டுப்போன வரிக்குச் சமமான தொகைவரை அபராதம் போட இடம் தருகிறது. நல்லெண்ணத்தில் நடந்த பிழை என்பதற்கு ஆதாரம் இருந்தால் அதை வரித் தொகை பற்றிய வாதத்தோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வி: அப்பீல் முடியும்வரை கட்டாமல் இருக்கலாமா? கூடாது. 103ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், நோட்டிஸ் சேர்ந்த 30 நாளில் கட்ட வேண்டும். தவறினால் 10 விழுக்காடு ஏறும். ஹாசில் வசூலுக்கு வழக்குப் போட்டால், அந்த வழக்கில் தொகை அதிகம், கணக்குத் தவறு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று எதையும் நீதிமன்றம் காதில் வாங்கக் கூடாது என்று 106(3)ஆம் பிரிவு சொல்கிறது. இது எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் வழக்கைப் பாருங்கள். 2011 முதல் 2017 வரையிலான ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 169 கோடி ரிங்கிட். முழு விசாரணை இல்லாமலேயே 2020இல் உயர் நீதிமன்றம் அவர் கட்ட வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்ற வாதம் எடுபடவில்லை. தொகை பற்றிய சண்டை எதுவானாலும் சிறப்பு ஆணையர்கள் முன்னால்தான்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் முழு உடன்பாடு இல்லை. வரி வசூல் தடைபடக் கூடாது என்ற நியாயம் புரிகிறது; அப்பீலைச் சாக்காக வைத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலில் கட்டு, பிறகு பேசு என்று சட்டம் சொல்லும்போது, கட்டுவதற்கு முன்னால் நடக்கும் ஆடிட் கட்டத்திலாவது விவரம் தந்து பதில் கேட்பதைச் சட்டக் கடமையாக்கியிருக்க வேண்டும். பெரிய நிறுவனம் கட்டிவிட்டுப் போராடும். பாத்திரக் கடைக்கு அந்தத் தொகை மூன்று மாதச் சரக்கு. இன்றைய நிலையில் உங்களால் முடிந்தது, மொத்தமாகக் கட்ட முடியாதென்றால் தவணை கேட்டு வசூல் பிரிவுக்கு எழுதுவது. கடை வரவுசெலவை வைத்து, தாங்கக்கூடிய தொகையைச் சொல்லுங்கள். கௌரவத்துக்காகப் பெரிய தவணையை ஒப்புக்கொண்டு இரண்டாவது மாதமே தவறினால் நிலைமை முன்பைவிடக் கெட்டுப்போகும். கடை சென்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் கம்பெனியாக, இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு: நிர்வாகத்தில் இருந்துகொண்டு 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் இயக்குநரிடமிருந்தே கம்பெனி வரியை வசூலிக்க 75ஏ பிரிவு வழி செய்கிறது.

குடிநுழைவு விஷயம் 104ஆம் பிரிவு. வரி கட்டாமல் நாட்டை விட்டுப் போகக்கூடும் என்று தலைமை இயக்குநர் கருதினால், சான்றிதழ் எழுதிக் குடிநுழைவுத் துறைக்கு அனுப்பலாம். அவர்கள் தடுத்து நிறுத்துவார்கள். சம்பந்தப்பட்டவருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு கையில் கிடைக்கவில்லை என்பதற்காகத் தடை செல்லாமல் போகாது என்றும் உடனே சேர்த்திருக்கிறது. திருச்சிக்கு டிக்கெட் எடுத்து, உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சேலையெல்லாம் வாங்கி, பாயான் லெப்பாஸ் விமான நிலையக் கவுண்டரில் நிற்கும்போது தெரிந்துகொள்கிறவர்கள் இதனால்தான். டிக்கெட் போடுவதற்கு முன்னால் மைடேக்ஸில் அப்பாவின் கணக்கில் பயணத் தடை நிலவரத்தைப் பாருங்கள். தவணை ஒப்பந்தம் ஆகி ஒழுங்காகக் கட்டிவந்தால், தடையை நீக்கக் கேட்டு எழுதலாம். வார இறுதியில் புறப்பட்டால், வெள்ளிக்கிழமை மாலை தெரியவந்தாலும் கடிதம் எழுத ஆள் இருக்காது.

நேராக உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனுவோடு போய்விடலாமா என்று சிலர் கேட்பார்கள். வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு என்று தெரியாதவர்கள்தான் இவ்வளவு எளிதாகக் கேட்பார்கள். வழி இருக்கிறது, கெடு மூன்று மாதம், முதலில் அனுமதி வாங்க வேண்டும். மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ஏன் இங்கே வந்தீர்கள் என்பதுதான் முதல் தடை. 1987இல் ஜக்தீஸ் சிங் வழக்கில், அதுவும் வரி வழக்குதான், உச்ச நீதிமன்றம் அளவுகோலைச் சொல்லிவிட்டது: அதிகாரமே இல்லாமல் செய்தது, சட்டக் கடமையை அப்பட்டமாகச் செய்யாமல் விட்டது, இயற்கை நீதியைக் கடுமையாக மீறியது போன்ற அசாதாரண நிலையில் மட்டும். ஆடிட் கடிதம் டிராயரில் இருக்கும்போது இந்த வழி உங்களுக்கு இல்லை. கடிதமே அனுப்பாமல், பதிலுக்கு நாளும் தராமல் போட்டிருந்தால் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் போராங் கியூவையோ போராங் 'என்' பாரத்தையோ நிறுத்திவைக்காதீர்கள். இரண்டும் இரண்டு தண்டவாளம்.

மிச்சம் இருப்பது சுக்காய் பிந்து. இதை நீங்கள் கடைசியில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் தரப்பை வரி உறுதியாவதற்கு முன்பே கேட்கச் சொல்லும் சட்டம் இதுதான். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரானால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்கு 14 நாளுக்கு முன்னால் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும், நேரிலோ உங்கள் சார்பில் ஒருவர் மூலமோ பேச வாய்ப்புத் தர வேண்டும். 142ஆம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2013 கடைசியில் கோலாலம்பூர் மாநகராட்சி 21 ஆண்டுக்குப் பிறகு மதிப்பை உயர்த்தி நோட்டிஸ் அனுப்பியபோது செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமெல்லாம் ஆட்சேபக் கடிதத்தோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் வீடுகளுக்கான வரி விகிதத்தையே 6 விழுக்காட்டிலிருந்து 4ஆகக் குறைத்தார்கள்.

ஆட்சேபத்தில் "கட்ட முடியாது, வியாபாரம் மந்தம்" என்று எழுதினால் அது ஆட்சேபக் காரணமாகாது. ஆண்டு மதிப்பு என்பது அந்தக் கட்டடம் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்ற கணக்கு. ஆகவே அதே தெருவில், அதே அளவுள்ள கடைவீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதற்கு இரண்டு மூன்று ஒப்பந்த நகல் தேடுங்கள். மாடி பூட்டியே கிடக்கிறது, கூரை ஒழுகுகிறது, பாரம்பரியக் கட்டட விதிகளால் மாற்றிக் கட்ட முடியாது என்றால் படமும் கடிதமும் சேருங்கள். அவர்கள் முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆட்சேபம் கொடுத்தவர்கள் மட்டும். அதற்கான கெடுவும் குறுகியது. எனவே அந்தக் கடிதத்தில் மறுபரிசீலனை நாள் எது என்று இன்றே பாருங்கள். ஹாசில் வேலையில் மூழ்கி இதை விட்டுவிட்டால், புதிய மதிப்பு அடுத்த மதிப்பீட்டுப் பட்டியல் வரும்வரை கடைவீட்டின் மேல் அப்படியே நிற்கும்.